வேப்பிலை கட்டிய கதவு

தோட்டத்தில் காலையில் ஆளெண்ணும் பெரட்டு கப்பலிலும் உண்டு என்பது தயாபரனுக்கு வேடிக்கையாக இருந்தது. பிற்பகல் இரண்டரை மணிக்கு ஒலிபெருக்கி எல்லாரையும் ஐந்தாம் தளத்துக்கு அழைத்தது. நீண்ட கூடத்தில் வரிசையாக நிற்கவைத்து, ஆபத்து வந்தால் மிதவை அங்கியை எப்படி மாட்டுவது என்று ஒரு பெண் செய்து காட்டினாள். இன்னொருத்தி ஒவ்வொருவருடைய அறை அட்டையையும் வாங்கி ஒரு சின்னக் கருவியில் வைத்தாள். 'டிக்' என்று சத்தம் வந்தால் ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம்.

"முப்பது வருசம் தோட்டத்துல பெரட்டுக்கு நின்னாச்சு. உல்லாசமா இருக்க வந்த எடத்துலயும் பேர் குடுக்க வச்சுட்டானுக" என்றார் தயாபரன்.

"ஆனா இந்தக் கணக்கப்புள்ள சிரிக்குதுப்பா" என்றாள் மகள் நிஷாந்தினி.

மனைவி கலாராணி சிரிக்கவில்லை. கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகாலையில் தோட்டத்து லய வீட்டை விட்டு இறங்கியதிலிருந்து அப்படித்தான் பிடித்திருந்தாள். பைக்குள் மூன்று அடையாள அட்டைகளும் பின்கதவுச் சாவியும் இருந்தன.

மகன் சதீஸ்குமார் இந்தக் கப்பலின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறான். ஆள் சேராத அறைகளில் வேலையாட்களின் குடும்பத்தாரை வருடத்துக்கு ஒரு முறை ஏற்றிக்கொள்வார்கள். அம்பாந்தோட்டையிலிருந்து திருகோணமலை, அங்கிருந்து திரும்பவும் அம்பாந்தோட்டை. இரண்டு இரவு. சனிக்கிழமை போயா விடுமுறை, மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை ஒரு நாள்தான் வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும்.

இந்தப் பயணம் லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. அது கலாராணியின் ஏற்பாடு. சதீசுக்கு முதல் முறை கப்பல் வேலை கிடைத்தபோது லயத்தின் பன்னிரண்டு காம்பரா வீடுகளுக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தாள். அடுத்த வாரமே வைத்தியப் பரிசோதனையில் ஏதோ குறை சொல்லி அவனை நிறுத்திவிட்டார்கள். திரும்பக் கூப்பிட எட்டு மாதமானது. யார் கண் பட்டது என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நல்ல சேதி எதையும் அவள் வாசல் தாண்ட விடவில்லை.

மூன்று பேர் மூன்று நாள் காணாமல் போனால் கேள்வி வரும். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். வியாழக்கிழமை பெரகல சந்திக் கடையில், வெல்லவாய பக்கமிருந்து வந்த வேப்பிலை இரண்டு கொத்து வாங்கினாள். முன்கதவின் நிலையில் கட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் கருப்பம்மாவிடம், "நிஷாவுக்கு அம்மை போட்டிருக்கு அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அம்மை போட்ட வீட்டுக்கு யாரும் போவதில்லை. கதவைத் தட்டுவதில்லை, பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அந்த வீட்டாரும் வெளியே வருவதில்லை. வெள்ளிக்கிழமை கருப்பம்மா இரண்டு இளநீரைப் படியில் வைத்துவிட்டு, உள்ளே பார்க்காமல் கும்பிட்டுக்கொண்டு போனாள். அதை மூன்று பேரும் பங்கு போட்டுக் குடித்தார்கள்.

மறுநாள் விடியுமுன் முன்கதவுக்கு உள்பக்கம் குறுக்குக்கட்டை போட்டாள் கலாராணி. விளக்கை எரியவிட்டாள். ரேடியோவை மெதுவாக வைத்தாள். மேட்டுப் பக்கம் இருக்கும் அடுப்படிக் கதவால் வெளியேறி, அதைப் பூட்டி, தேயிலைக்குள் இறங்கிப் பாதைக்கு வந்தார்கள். நாலு நாளாக விடாத மழை அப்போதும் பெய்துகொண்டிருந்தது. யாராவது கூப்பிட்டால் பஸ் சத்தம் கேட்டுவிடும் என்று இரண்டு போன்களையும் அணைத்து வைக்கச் சொன்னாள்.

அம்பாந்தோட்டையில் நல்ல வெயில். மலையில் மழை பெய்கிறது என்பதே மறந்துபோயிருந்தது.

"அம்மா, மூஞ்சில ஒரு தழும்புகூட இல்லாம திரும்பிப் போனா கருப்பம்மா பெரியம்மா நம்புமா?" என்று கேட்டாள் நிஷாந்தினி. ஒத்திகை முடிந்து மேல்தளத்துக்கு வந்திருந்தார்கள்.

"மாரியாத்தா கருணைன்னு சொல்லிக்கலாம்."

"ஒங்க அம்மா ஆத்தாளையே பொய்ச்சாட்சிக்குக் கூப்பிடுறா" என்றார் தயாபரன்.

படம் எடுக்க வேண்டும் என்று நிஷாந்தினி போனை உயிர்ப்பித்தாள். அது கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. முப்பத்தொரு தவறிய அழைப்புகள். கருப்பம்மா, ஷெல்டன், மறுபடி ஷெல்டன். ஷெல்டன் லயத்தின் கோடிக் காம்பராக்காரன், தோட்டத்துக் காவல்காரன்.

"கண்டுபிடிச்சுட்டாங்க. எடுக்காத" என்றாள் கலாராணி.

போன் திரும்பவும் அடித்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளே வாங்கினாள்.

"கலா." கருப்பம்மாவின் குரல் மிகவும் மெதுவாக வந்தது. "உசிரோட இருக்கியா. ரொம்பப் பேசாத, மூச்ச வீணாக்காத. எந்தப் பக்கம் இருக்கீங்கன்னு மட்டும் சொல்லு."

"என்னக்கா?"

"அடுப்படிப் பக்கமா, முன்பக்கமா? புள்ள ஒன்கூடத்தானே இருக்கு? அவரு ஒங்ககிட்ட வந்தாரா?"

கலாராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் போன் கை மாறியது.

"அக்கா, நான் ஷெல்டன். ஒரு மணிக்கு மேட்டுல வெடிப்பு கண்டுச்சு. கிராம சேவகரு ஜீ.எஸ். வந்து எல்லாரையும் ஸ்கூலுக்கு ஏத்துனாரு. அங்க எண்ணிப் பாத்தா நீங்க மூணு பேரு கொறையுது. அம்மை போட்ட புள்ளய வச்சுக்கிட்டு அவுங்க வெளிய வரமாட்டாங்க, நான் தூக்கிட்டு வாரேன்னு வீரய்யாண்ணே மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு. கொஞ்ச நேரத்துல மண்ணு வந்துருச்சு. அவரும் உள்ளதான் இருக்காரு. நாங்க எட்டுப் பேரு முன்வாசல்ல தோண்டிக்கிட்டு இருக்கோம். ரோட்டுலயும் மண்ணு, ஆர்மி வர நேரமாகும். மேல இன்னும் ஆடுது அக்கா. எங்க இருக்கீங்கன்னு சொன்னா நேரா அங்க வெட்டுறோம்."

வீரய்யா கருப்பம்மாவின் புருசன்.

கலாராணி போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கேட்டதைக் கணவனிடம் சொன்னாள். தயாபரனின் முகம் சுருங்கியது. கீழே துறைமுகத்தில் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ பாட்டுப் போட்டார்கள்.

"சொல்லாத" என்றார் தயாபரன். "மொதல்ல அவர எடுக்கட்டும். ராவோட ராவா பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம்னு பெறகு சொல்லிக்கலாம். கப்பல்னு சொன்னா அந்த லயத்துல நம்ம மூஞ்சிய எப்பிடிக் காட்டுறது?"

"நம்மளத் தேடித்தானேப்பா தோண்டுறாங்க" என்றாள் நிஷாந்தினி.

கலாராணி வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். முன்கதவுக்குப் போட்ட கட்டை அவள் கை தடிமன். வெளியிலிருந்து எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. வீரய்யா அவசரக்காரர். நாலு தட்டு தட்டியிருப்பார். ரேடியோ சத்தம் கேட்டிருக்கும். கதவு அசையாது என்று தெரிந்ததும் மம்பட்டியோடு சுற்றிப் போயிருப்பார், மேட்டுப் பக்கம். எட்டுப் பேரும் முன்னால் தோண்டுகிறார்கள்.

கையை எடுத்தாள்.

"ஷெல்டன், நாங்க அங்க இல்ல."

"என்னக்கா?"

"மூணு பேரும் அங்க இல்ல. காலைலயே வந்துட்டோம். புள்ளைக்கு அம்மை இல்ல, பொய் சொன்னேன். முன்னால தோண்டாதீங்க. முன்கதவு உள்ளுக்குக் கட்டை போட்டது, தெறக்காது. அவரு அடுப்படிக் கதவுக்குத்தான் போயிருப்பாரு. பின்னால போங்க."

அந்தப் பக்கம் மம்பட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது கப்பலின் சங்கு நீளமாக ஊதியது.

"அது என்ன சத்தம்?"

"கப்பல்" என்றாள் கலாராணி.

ஷெல்டன் போனை அணைக்காமலே, "எல்லாம் பின்னால வாங்கடா, உள்ள யாரும் இல்ல" என்று கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

கப்பல் துறையை விட்டு நகர்ந்தபோது சதீஸ்குமார் வெள்ளைச் சீருடையில் வந்தான். அரை மணி நேரம் அனுமதி வாங்கி வந்திருந்தான். கையில் யானை மாதிரி மடித்த துவாய் ஒன்று. தங்கச்சிக்காக மடித்தது.

"எப்பிடிம்மா எங்க கப்பல்?"

"இத நிப்பாட்ட முடியுமா?"

விசயத்தைத் தகப்பன் சொன்னார். துவாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான் சதீஸ்குமார். "முடியாதும்மா. இனி நாளைக்குக் காலைல திருகோணமலைதான்."

நால்வரும் பின்தளத்துக் கம்பியோரம் நின்றார்கள். போனில் சிக்னல் நாலு கோடு மூன்றானது, இரண்டானது. பக்கத்தில் ஒரு குடும்பம் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டது. தங்களையும் எடுத்துத் தரும்படி கேட்டு அந்த வீட்டுப் பெண் போனை நீட்டினாள். நிஷாந்தினி எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு கோடு இருக்கும்போது ஷெல்டன் கூப்பிட்டான்.

"பின்னாலதான் இருந்தாரு."

"மூச்சு?"

"இல்ல."

கலாராணி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பூட்டு ஒடஞ்சிருந்துச்சா?" என்று கேட்டாள்.

"பூட்டு அப்பிடியே இருக்கு. மம்பட்டி கதவுகிட்ட கெடந்துச்சு. அவரு அங்க இல்லக்கா. அஞ்சாறு அடி தள்ளி, திரும்பி வார மாதிரி கெடந்தாரு."

வெளியே பூட்டியிருக்கும் வீட்டுக்குள் ஆள் இருக்க மாட்டார்கள். அது விளங்குவதற்கு வீரய்யாவுக்கு நேரம் இருந்திருக்கிறது.

"கருப்பம்மாக்கா?"

"இப்ப ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வந்து ஒக்கார வச்சிருக்கோம். நீங்க மூணு பேரும் நல்லா இருக்கீங்கன்னு சொன்னேன். அப்ப புள்ளைக்கு அம்மை இல்லையான்னு கேட்டுச்சு. இல்லன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னுச்சு. ஜீ.எஸ்.கிட்ட போய் காணாதவுங்க லிஸ்ட்டுல இருந்து ஒங்க மூணு பேரோட பேரையும் வெட்டச் சொல்லிட்டு, மறுபடி வந்து அதே எடத்துல ஒக்காந்துக்கிச்சு."

அவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். போனில் கோடு எதுவும் இல்லை. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு என்று ஒலிபெருக்கி மூன்று மொழியில் சொன்னது. கரை இருந்த இடத்தில் மேகம் அடர்ந்து நின்றது. மலை அந்தப் பக்கம்தான்.