காஜா எடுக்காத சட்டை

பென்ஷன் ஆபீஸ் படியிறங்கும்போது தையல்காரிக்குக் கோபத்தில் கண் இருட்டியது. இரண்டு வருஷமாக டிரைவர் அவளை ஏய்த்திருக்கிறார்.

டிரைவர் என்றால் அரசாங்க வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளுடைய முன்னாள் கணவர். விவாகரத்தானவளுக்கும் புருஷனின் சர்வீஸை வைத்துப் பென்ஷன் உண்டென்று கேள்விப்பட்டு, ஊசியில் நூல் கோக்கப் பார்வை போதாமல் போனபோது அவரிடம் போய் நின்றாள்.

"என் கையெழுத்து இல்லாம நடக்காது. போட்டா என் பென்ஷன்ல பாதி போயிடும். யோசிக்கணும்" என்றார்.

அவர் யோசிக்க யோசிக்க, இவள் அவருக்கு ஓசியில் சட்டை தைத்தாள்.

போன வாரம் அளவு கொடுக்க வந்த அவருடைய இரண்டாம் மனைவிதான் மெல்ல வாயைத் திறந்தாள். "அக்கா, எதுக்கும் ஆபீஸ்ல நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் தோலை உரிச்சிருவார்."

இன்று கேட்டாள். கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"பத்து வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தியிருக்கீங்க, மறுகல்யாணம் பண்ணிக்கல. அது போதும்மா. அவர் கையெழுத்து எதுக்கு? அவருக்கு ஒரு காசு குறையாது. ஆனா மனு கொடுத்த நாள்லேருந்துதான் வரும். போனது போனதுதான்."

வீட்டில் மிஷின்மேல் அவருடைய சட்டை கிடந்தது. கத்தரியை எடுத்தாள். துணி என்ன பாவம் செய்தது? கத்தரியைக் கீழே வைத்தாள். 'சாமி, என் வாயை மட்டும் பார்த்துக்கோ' என்று வேண்டிக்கொண்டு சட்டையோடு டிரைவர் வீட்டுக்குக் கிளம்பினாள்.

டிரைவர் சட்டையை விரித்துப் பார்த்தார். "என்ன இது? பட்டன் இருக்கு, காஜாவைக் காணோம். எப்படி மாட்டுறது?"

"கூலியோட வாங்க டிரைவர் சார், எடுத்துத் தர்றேன். பழைய சட்டைங்களுக்கும் சேர்த்து."

"கையெழுத்து வேண்டாமா உனக்கு?"

"நீங்களே பத்திரமா வெச்சுக்கோங்க. உங்களுக்கு நட்டமே இல்லாத விஷயத்துக்கு ரெண்டு வருஷம் என் கண்ணைப் பிடுங்கினீங்களே, சோறு இறங்குச்சா?"

அவர் முகம் சுண்டிப்போனது. "யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

சமையலறை வாசலில் இளையவள் கரண்டியும் கையுமாக உறைந்து நின்றாள்.

"கவுன்டர்ல இருந்த பொண்ணு" என்றாள் தையல்காரி. அது பொய்யும் இல்லை.

பிறகு பையிலிருந்து இளையவளுக்குத் தைத்த உடுப்பை எடுத்து நீட்டினாள். கொக்கி, ஓரத்தையல் எல்லாம் பார்த்துப் பார்த்து முடித்திருந்தது.

"இதுக்குக் கூலி வேண்டாம் தங்கச்சி. எங்கேயாவது பிடிச்சா சொல்லு, பிரிச்சு விடறேன்."

தெருவில் இறங்கியபோதும் கோபம் ஆறவில்லை. ஆற்றிவிடு என்று அவள் சாமியைக் கேட்கவும் இல்லை.