ஒரு மணிக்கு மங்களம்

நல்லகாமனுக்குக் கோபம் வந்தால் முதலில் வேட்டியை மடித்துக் கட்டுவான். யார்மேல் கோபம் என்று பிறகுதான் யோசிப்பான். அந்த ஆவணி மாதத்தில் யோசிக்கிற வேலையே இல்லை. கோபம் முழுக்க அவன் வீட்டுப் பின்சுவரை ஒட்டி நின்ற சுருளியின் நாடகக் கொட்டகைமேல்தான்.

மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்து. அதில் கடைசி வீடு அவனுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் பத்து மணிக்கு ஆர்மோனியம் இழுக்க ஆரம்பித்தால் கோழி கூவும்வரை ஓயாது. ராஜா பாடுவார். ராணி எதிர்ப்பாட்டுப் பாடுவாள். இரண்டு பேரும் மூச்சு வாங்க உள்ளே போனால், பபூன் வந்து தொண்டை கிழியக் கத்துவான். விடியற்காலம் மங்களம் பாடி முடிப்பார்கள், மில் சங்கு ஊதிவிடும். ஒரு மனுஷன் எப்போதுதான் தூங்குவது?

மில்லில் அவனுக்கு மிஷின்களுக்கு எண்ணெய் விடுகிற வேலை. மிஷினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும் தோல்பட்டைக்குப் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும். ஒருநாள் நின்றபடியே கண் அசந்துவிட்டான். பட்டை சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டது. துணி கிழிந்ததோடு போயிற்று. கை தப்பியது தெய்வச் செயல். ஓடிவந்த மேஸ்திரி அவனைப் பட்டையிலிருந்து தள்ளி நிறுத்தினார்.

"இன்னொருக்கா கண்ணு சொக்கினா நீ வேலைக்கே வரவேணாம்ப்பா. உன் கையி போச்சுன்னா உம் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

சமயநல்லூர்ப் பக்கம் மழை ஏமாற்றிய புஞ்சைக் காட்டை விட்டுவிட்டு, இந்த வேலையை நம்பித்தான் அவனும் மனைவி ஒச்சாயியும் மதுரைக்குக் குடிவந்தார்கள். வேலையும் போய்விடக் கூடாது, கையும் போய்விடக் கூடாது. கிழிந்த சட்டையைப் பார்த்த அன்று ஒச்சாயிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே நல்லகாமன் வீடுவீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கி, ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி முனிசிபாலிட்டிக்கு ஒரு மகஜர் போட்டுவிட்டான். ஒச்சாயி மட்டும் முணுமுணுத்தாள்.

"ஊர்லருந்து வண்டி கட்டிக்கிட்டு வாரவுகளைப் பத்தி யோசிச்சீகளா?"

"அவுக வண்டி, அவுக மாடு. எனக்கென்ன புள்ள?"

முனிசிபல் ஆபீசில் கூட்டம் போட்டார்கள். ஒரே சந்தைக்கடை. ராத்திரி ஆட்டம் நின்றால் தன் அடுப்பும் அணைந்துவிடும் என்றார் காப்பி கிளப்புக்காரர். பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்றார் ஒரு வாத்தியார். சுருளி எழுந்து நின்று மார்பில் கை வைத்தார்.

"விடியவிடிய ஆடுறது காலங்காலமா வர்ற முறைங்க. அதை மாத்த நான் யாரு?"

நல்லகாமன் எழுந்து, கிழிந்த சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினான். சேர்மன் அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒரு மணிக்கெல்லாம் மங்களம் பாடிக் கொட்டகையைப் பூட்டிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். நல்லகாமனுக்குத் தலைகால் புரியவில்லை. வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளைபோல வீடு வந்து சேர்ந்தான்.

சனிக்கிழமை ஆட்டம் சொன்னபடி ஒரு மணிக்கு முடிந்தது. ஆர்மோனியம் அடங்கியது. அப்பாடா என்று அவன் கண்ணை மூடினான்.

சந்துக்குள் மாட்டுமணிச் சத்தம் கேட்டது. ஒரு வண்டி நுழைந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு வந்துகொண்டே இருந்தன. மேற்கேயிருந்து ஆட்டம் பார்க்க வந்த சனம் அது. இருட்டில் அந்த ஊர்ப்பாதையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போக யாருக்கும் தைரியம் கிடையாது. வண்டி மாடு நிறுத்துகிற முனிசிபல் வண்டிப்பேட்டையின் கதவையோ சாயங்காலமே பூட்டிவிடுவார்கள். இத்தனை நாளும் கொட்டகையில் விடியும்வரை கிடந்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் கிளம்பிப் போவார்கள். இன்று கொட்டகையும் பூட்டிக் கிடக்க, அத்தனை பேரும் சந்தில் இறங்கிவிட்டார்கள். மாடு கத்தியது, பிள்ளை அழுதது, ஒருவன் பபூன்போலப் பேசிக் காட்ட நாலு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பற்றாததற்குக் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால், ஒச்சாயியின் அண்ணன் சோலை குடும்பத்தோடு நிற்கிறார்.

"மாப்ள, தூங்கிட்டீகளா?"

மச்சானை வாசலோடு அனுப்ப முடியுமா? பாயை விரித்தான். ஒச்சாயி அடுப்பை மூட்டி உலை வைத்தாள்.

"யாரோ ஒரு புண்ணியவான் மகஜர் போட்டு ஆட்டத்தை நிறுத்திப்புட்டானாம்ல. ஆளு யாருன்னு தெரியுமா மாப்ள?"

நல்லகாமன் கூரையைப் பார்த்தான். ஒச்சாயி அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. சோறு வெந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அவன் பேச்சை மாற்றினான்.

"அது கெடக்கட்டும் மச்சான். விடியவிடிய அம்புட்டையும் முழிச்சிருந்தா பாப்பீக?"

"யாரு பாத்தா? பாதிக்கு மேல அவனவன் துண்டை விரிச்சுப் படுத்துருவான். போக எடமில்லாமத்தான அங்கன கெடக்கோம். நாங்க குறட்டை விடுறோம்னுதான் அந்தப் பபூன் அந்தக் கத்துக் கத்துறான்."

நல்லகாமனுக்குச் சோற்றை உருட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அட கூறுகெட்ட பயலே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். யாருக்கும் வேண்டாத ஒரு சத்தத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை மறுபடி ஆட்டம். மறுபடி வண்டிகள் வரும். புதன் காலையில் மிஷின் முன்னால் நிற்க வேண்டும்.

விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். அவன் வருகிற வேகத்தைப் பார்த்து, சுருளி சண்டைக்குத் தயாராக எழுந்து நின்றார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஒங்க ஆளுகளுக்கு விடியிற வரைக்கும் பாட ஆசையா?"

சுருளி மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"ஆசையாவது ஒண்ணாவது. ராஜபார்ட்டுக்குத் தொண்டை போச்சு. பபூன் கசாயம் குடிச்சுக்கிட்டு அலையுறான். ஆனா நம்பி வந்த சனத்தை நடுராத்திரியில எங்கய்யா போகச் சொல்றது? முறைன்னு சொன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாகன்னு சொன்னேன்."

திங்கட்கிழமை மில் விட்டதும் இரண்டு பேரும் சேர்ந்து முனிசிபல் ஆபீசுக்குப் போனார்கள். சேர்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி பார்த்தார்.

"இப்ப ரெண்டு பேரும் யாரு மேல புகார் குடுக்க வந்திருக்கீங்க?"

"பூட்டு மேலங்க," என்றான் நல்லகாமன்.

ஆட்டம் நடக்கிற நாளில் வண்டிப்பேட்டையைத் திறந்து வைக்க வேண்டும், இரண்டு விளக்குப் போட வேண்டும், இவ்வளவுதான் கேட்டார்கள். திருட்டுப் போனால் யார் பொறுப்பு என்றார் சேர்மன். காவலுக்குத் தன் ஆள் இருப்பான் என்றார் சுருளி. சேதி தெரிந்து பின்னாலேயே வந்த, பேட்டைக்கு எதிர்த்தாற்போல் கடை வைத்திருந்த காப்பி கிளப்புக்காரர், இதைவிட நல்ல யோசனை உலகத்திலேயே இல்லை என்று அடித்துப் பேசினார். தீபாவளிவரை பார்க்கலாம் என்று சேர்மன் சாவியை எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை சந்துக்குள் ஒரு மாட்டுமணிகூடக் கேட்கவில்லை. புதன்கிழமை அவன் வேலை முடிந்து வந்ததும் ஒச்சாயி முதலில் பார்த்தது அவன் கைகளைத்தான்.

அடுத்த சனிக்கிழமை சுருளி இருவரையும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டு, முன்னால் பாய் போட்டுக் கொடுத்தார். இத்தனை நாளும் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டே கேட்டதில் ஒச்சாயிக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். பாடுகிற முகங்களை இன்றுதான் பார்த்தாள். ராணி அவள் நினைத்ததைவிடக் குள்ளம், ஆனால் அழகு. ஒச்சாயி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

பபூன் மேடைக்கு வந்து முன்வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். நல்லகாமன் தலை சாய்ந்து, வாய் திறந்து, நல்ல தூக்கத்தில் இருந்தான்.

"அடடா, சத்தத்துல தூக்கம் வரலைன்னு மகஜர் போட்ட அண்ணன்தான இவரு?"

கொட்டகையே சிரித்தது. ஒச்சாயிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் பபூனைப் பார்த்து, எழுப்பாதே என்று கையால் சாடை காட்டினாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டே மிச்ச வேடிக்கையைப் பேசினான். கூட்டம் முன்னே நகர்ந்து வந்து காதைக் கொடுத்துக் கேட்டது.

ஒரு மணிக்கு மங்களம் பாடியபோது கொட்டகையில் எல்லோரும் விழித்திருந்தார்கள், ஒருவனைத் தவிர. ஒச்சாயி அவன் தோளைத் தொட்டாள். அவன் திடுக்கிட்டு எழுந்து, முதலில் தன் வலது கையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"சங்கு ஊதிருச்சா?"

"இல்ல. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வாங்க, மிச்சத்தை வீட்டுல போயித் தூங்கலாம்."

வெளியே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேட்டையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. கூட்டத்தில் தவறிவிடாதபடி, மில்லில் கிழிந்து, தான் தைத்துக் கொடுத்த அந்தச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே ஒச்சாயி நடந்தாள்.