மூன்று மிதவைகளின் சராசரி

அன்று காலை வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. வேண்டாம் என்று சொல்லப் போகிற வானிலை அதிகாரிக்கு அதைவிடக் கெட்ட நாள் வாய்க்காது. கொட்டுகிற மழையில் வேண்டாம் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பளபளவென்று வெயில் அடிக்கும்போது சொன்னால் முதலில் ஜன்னலைப் பார்ப்பார்கள், அப்புறம் சொன்னவளைப் பார்ப்பார்கள்.

ஏவுதளத்தில் அவளுக்குக் குடை என்று பெயர். முகத்துக்கு நேரே குடை மேடம், முதுகுக்குப் பின்னால் வெறும் குடை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு பளிச்சென்ற நாளில் குடையோடு வந்தாள். பார்த்துச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் சாயங்காலம் தொப்பலாக நனைந்து பஸ் ஏறினார்கள். அன்றைக்கு ஒட்டிய பெயர். இருபத்திரண்டு வருடத்தில் பதவி உயர்வு இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. பெயர் மட்டும் கூடவே இருந்தது.

ஆறரை மணிக்குக் கூட்டம். கதவில் 'மனிதப் பயண ஏவுதல் உயர்மட்ட வானிலை ஒருங்கிணைப்பு ஆலோசனைக் குழு' என்று பித்தளைத் தகடு. தகடு கதவைவிட அகலமாகிவிட்டதால் ஓரத்தை மடக்கி அடித்திருந்தார்கள். உள்ளே ஏழு பேர். அதில் வானிலை தெரிந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்களில் ஒருவர் மேடைக்குப் பொறுப்பு, ஒருவர் நாற்காலிகளுக்கு, ஒருவர் வாகனங்களுக்கு, ஒருவர் பத்திரிகைச் செய்திக்கு. மேசையின் தலைப்பக்கம் இயக்குநர்.

இயக்குநர் புதுக் கோட்டு போட்டிருந்தார். பத்து மணிக்கு வரப்போகும் தலைமை விருந்தினருக்காகத் தைத்தது. இடது கைமுனையில் கடைக்காரன் கட்டிய சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த அலுவலகத்தில் மேலே இருப்பவரிடம் இருப்பதைச் சொல்லும் பழக்கம் அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு ராக்கெட் கிளம்ப வேண்டும். மூன்று பேர் போகிறார்கள். மூவரில் இளையவன் குடையின் கூடப்பிறந்த தம்பி.

வானிலைப் படிவத்தில் இரண்டே கட்டம், பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. குடை சிவப்பில் குறி போட்டுத் தள்ளினாள்.

"சிவப்பா?" என்றார் இயக்குநர். "வெளிய பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். இங்க பிரமாதமா இருக்கு. ஆனா அவங்க இங்க விழப்போறதில்ல."

"விழற பேச்சு எதுக்கு இப்ப? நல்ல காரியம் நடக்கறப்ப."

"விழுந்தா என்னங்கறதுதான் சார் என் வேலையே."

எத்தனையாவது தடவையோ, மறுபடியும் சொன்னாள். கிளம்பிய முதல் சில நிமிடத்தில் இன்ஜின் மக்கர் பண்ணினால், ஆட்கள் இருக்கும் கலம் மட்டும் தனியே கழன்று, கரையிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலில் போய் விழும். அங்கே அலை இரண்டரை மீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கலம் தலைகீழாகப் புரளும், மீட்புப் படகு கிட்டே நெருங்க முடியாது. அலையை அளக்கக் கடலில் மூன்று கருவி மிதவைகள் கட்டியிருக்கிறார்கள். துறைமுகத்துக்குள் இருப்பது காட்டியது அரை மீட்டருக்கும் கீழே. கரையோர மிதவையில் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே. கலம் விழக்கூடிய இடத்தில் இருக்கும் வெளி மிதவையில் நாலு புள்ளி மூன்று.

"கடல் ஒண்ணுதானே மேடம்," என்றார் நாற்காலிப் பொறுப்பாளர். நாலாயிரம் நாற்காலி போட்டு, உறை மாட்டி, முடிச்சும் போட்டுவிட்ட மனிதர். "மூணுல ரெண்டு நல்லாத்தான இருக்கு."

இயக்குநரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "மூணையும் கூட்டி மூணால வகுத்தா எவ்வளவு வருது?"

கேள்வி வானிலைத் துணை அதிகாரிக்கு. அவனுக்கு ஆமாம் என்று பெயர். கணக்கில் புலி. ஆனால் மேலிடம் வாயைத் திறந்தால் முதலில் இவன் தலை ஆடும். என்ன சொன்னார்கள் என்பதை அப்புறம்தான் கேட்டுக்கொள்வான்.

"ரெண்டு புள்ளி ஒண்ணு சார்."

"எல்லை ரெண்டரை. அப்ப உள்ளதான வருது?"

"ஆமாம் சார்."

குடைக்குக் காது மடல் சூடேறியது. "சார், துறைமுகத்து மிதவை சுவருக்குள்ள கெடக்கு. வெளிய புயலே அடிச்சாலும் அங்க வாத்து நீந்தும். வீட்டுல மூணு பேரு, ஒருத்தனுக்கு நூத்தி நாலு காய்ச்சல். சராசரி எடுத்துப் பாத்துட்டு, எல்லாருக்கும் லேசான சூடுதான்னு மருந்தக் கொட்டிடுவீங்களா?"

பத்திரிகைப் பொறுப்பாளர் தொண்டையைக் கனைத்தார். அவர் முன்னால் அச்சாகிவிட்ட செய்தி இருந்தது: 'இன்று காலை பதினோரு மணிக்கு ராக்கெட் வெற்றிகரமாக விண்ணில் பாய்ந்தது. தலைமை விருந்தினர் ஆனந்தக் கண்ணீர் வடித்தார்.' பாயாத ராக்கெட்டையாவது நாளைக்குப் பாய வைக்கலாம். வடிந்துவிட்ட கண்ணீரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது அவர் கவலை.

இயக்குநர் குரலில் தேன் தடவிக்கொண்டார். "மேடம், உங்க தம்பி உள்ள இருக்காரு. பயம் இருக்கத்தான் செய்யும். உடன்பிறந்த பாசம் கண்ண மறைக்கும். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம்."

"எனக்குப் பயம் இல்ல சார், கோபம். உள்ள யாரு வீட்டுப் பிள்ளை இருந்தாலும் வெளி மிதவை நாலு புள்ளி மூணுதான் காட்டும்."

"நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க. இன்னைக்குக் கையெழுத்த துணை அதிகாரி பாத்துக்குவாரு."

ஆமாமின் தலை ஆடியது. ஒரு புதுப் படிவம் வந்தது. பச்சைக் கட்டத்தில் குறி விழுந்தது. 'அலை உயரம்' என்ற இடத்தில் 'சராசரி 2.1' என்று குண்டு குண்டாக எழுதினான். எழுதும்போது அவளைப் பார்க்கவில்லை.

குடை தன் அறைக்கு வந்து கதவை அறைந்து சாத்தினாள். அலுவலகக் கதவுகளை அறைய முடியாதபடி மேலே எண்ணெய் அடைத்த ஸ்பிரிங் பொருத்தியிருந்தார்கள். கதவு பூனை மாதிரி மெல்ல வந்து மூடிக்கொண்டது. ஆத்திரத்தைக்கூடச் சத்தமாகக் காட்ட விடாத கட்டடம்.

மேசையில் தொலைபேசி அடித்தது. பயணம் போகிறவர்கள் மூன்று வாரமாகக் கண்ணாடிக்குப் பின்னால், வெளிக்காற்று படாமல் இருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் வீட்டாரோடு பேசப் பத்து நிமிடம் உண்டு. தம்பி அந்தப் பத்து நிமிடத்தில் மனைவியிடம் நாலு நிமிடம் பேசிவிட்டு மீதியை அக்காவுக்கு வைத்திருந்தான்.

"சிவப்பு போட்டியாமே."

"ஊருக்கு முன்னாடி உனக்கு வந்துடுச்சா?"

"அக்கா, இது மூணாவது தடவை. ரெண்டு தடவை மெஷினக் காரணம் சொன்னாங்க, பொறுத்துக்கிட்டேன். பதினோரு வருஷம் ஆச்சு. இன்னும் ஒரு தடவை தள்ளுனா எனக்குப் பதிலா வேற ஆளப் போட்டுடுவாங்க."

"பதினோரு வருஷம் எனக்குத் தெரியாதா? உன் பொட்டி ரெண்டும் எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியிலதான கெடக்கு. பெருக்கும்போதெல்லாம் இடிச்சுக்கறேன்."

"தமாஷ் பண்ணாத. சின்ன வயசுல மாடியிலேர்ந்து குதிக்க விடல, சரி. இப்பவும் என் சட்டையப் புடிச்சு இழுக்கறியே."

அது சுருக்கென்று தைத்தது. தைத்த இடத்தைக் காட்டிக்கொள்ளாமல் அவள் சொன்னாள்: "நான் எதையும் இழுக்கல. என் கையெழுத்தே இப்ப இல்ல, பச்சை போட்டாச்சு. ஆமாம் வந்து வாசிப்பான். அவன் அலையச் சொன்னா, எங்கன்னு மட்டும் கேளு."

"கேட்டா நின்னுடும், அதான?"

"ஒரு வார்த்தை கேட்டதுக்கே நிக்கும்னா, அது ஏன் நிக்குதுன்னு நீயே யோசிடா."

அவன் போனை வைத்துவிட்டான்.

வாசிப்பு என்பது அந்த ஏவுதளத்தின் பழைய விதி. படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் யாரோ, அவரே கண்ணாடிக்கு முன்னால் நின்று, போகிறவர்களுக்கு வானிலையை வாய்விட்டு வாசிக்க வேண்டும். கேட்டவர்கள் ஒவ்வொருவராக எண்ணையும் இடத்தையும் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் முகத்தைப் பார்த்துச் சின்னவன் ஒத்து ஊதிவிடக் கூடாது என்று இளையவரிலிருந்து ஆரம்பம். மூவரில் யார் நிறுத்து என்றாலும் நின்றுவிடும். இந்த விதியை எழுதியது யார் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஞாபகம் இருந்திருந்தால் அவருக்கு ஒரு விழா எடுத்து, விதியைத் திருத்தியிருப்பார்கள்.

எட்டு மணி. எல்லா அறைகளிலும் ஒலிபெருக்கி கரகரத்தது. குடையின் அறைச் சுவரில் இருந்த சின்னத் திரையில் கண்ணாடி அறை தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை உடையில் மூவர்: தளபதி அம்மா, டாக்டர், ஓரத்தில் தம்பி. இந்தப் பக்கம் ஆமாம், காகிதத்தோடு. அவனுக்குப் பின்னால் இயக்குநர், கேமராவுக்கு ஏற்ற சிரிப்போடு. நாட்டின் எல்லா வீடுகளுக்கும் நேரலையாகப் போகும்படி அவரே ஏற்பாடு செய்திருந்தார்.

"தரைக் காற்று, ஏவுதளம், மணிக்குப் பதினாலு கிலோமீட்டர்," என்று வாசித்தான் ஆமாம்.

"ஏவுதளம், பதினாலு," என்றான் தம்பி. மற்ற இருவரும் சொன்னார்கள்.

"மேகம், ஏவுதளம், இல்லை."

"ஏவுதளம், இல்லை."

"அலை உயரம், சராசரி, ரெண்டு புள்ளி ஒண்ணு."

தம்பி வாயைத் திறந்தான். மூடினான். தலைக்கவசத்தை மடியில் வைத்து அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் பொய் சொல்லுவதா வேண்டாமா என்று யோசிக்கும்போது சட்டைப் பொத்தானை இப்படித்தான் தடவுவான். குடை எழுந்து திரைக்குக் கிட்டே போனாள். அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லித் தொலையாதே, சொல்லித் தொலையாதே என்று அவள் உதடு முணுமுணுத்தது.

"எங்க?" என்றான் தம்பி.

"கடல்ல."

"கடல் பெருசு. எந்த இடத்துல?"

"மூணு மிதவையும் சேத்து…"

"நாங்க விழுந்தா, மூணு பேரும் மூணு இடமா பிரிஞ்சு விழணுமா?"

தளபதி அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். அப்புறம் ஆமாமைப் பார்த்தாள். "வெளி மிதவை எவ்வளவு?" என்றாள்.

ஆமாம் திரும்பி இயக்குநரைப் பார்த்தான். இயக்குநர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்ட ஒரு முகம் கிடைக்காமல் ஆமாம் தவித்ததை நாடே பார்த்தது. வேறு வழியில்லாமல் அவன் தன் மூளையையே உபயோகிக்க வேண்டியதாயிற்று.

"நாலு புள்ளி மூணு," என்றான்.

"நிறுத்து," என்றான் தம்பி. சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தைக் கீழே வைத்து எழுந்து போனான்.

மத்தியானத்துக்குள் புதுச் செய்தி அச்சாகிவிட்டது. 'மனித உயிரே முதன்மை எனக் கருதும் இயக்குநர், தமது தொலைநோக்கால் ஏவுதலைத் தள்ளிவைத்தார். தலைமை விருந்தினர் ஆனந்தக் கண்ணீர் வடித்தார்.' கண்ணீரை வீணாக்கவில்லை. ஒளிவுமறைவின்றி வாசித்ததற்காக ஆமாமுக்குப் பாராட்டுக் கடிதம். அனுமதியின்றிப் பயணியிடம் வானிலை பேசியதற்காகக் குடைக்கு விளக்கம் கேட்டு மெமோ. இரண்டு கடிதத்திலும் ஒரே கையெழுத்து, ஒரே மை.

நாலாம் நாள் காலை வானம் சாம்பல் பூசிக் கிடந்தது. உயரத்தில் மெல்லிய மேகம், மழை கிடையாது, மின்னல் கிடையாது. வெளி மிதவை ஒன்று புள்ளி ஒன்பது. மெமோவுக்குப் பதில் எழுதாமலே குடை கூட்டத்துக்கு வந்தாள். ஆமாம் தானாகவே பேனாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் பச்சையில் குறி போட்டாள்.

இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். அதே கோட்டு, அதே சீட்டு. "இருட்டிக்கிட்டு இருக்கே மேடம்."

"இங்க இருட்டா இருக்கு சார். விழற இடத்துல கடல் அடங்கியிருக்கு."

"இல்ல, பாதுகாப்புன்னு நமக்கு ஒரு பேர் வந்திருக்கு. 'பச்சை, ஆனால் நிபந்தனைக்குட்பட்டது'ன்னு ஒரு வரி சேத்துட்டா? நாளைக்கு ஏதாவதுன்னா, நாம அப்பவே சொன்னோம்னு இருக்கும்."

குடைக்கு அன்றைக்கு வந்த கோபத்தைவிட இது பெரிய கோபம். அன்றைக்கு அந்த மனிதர் மூன்று பேரைக் கடலில் தள்ளத் துணிந்தார். இன்றைக்குக் கரையில் நின்றபடியே அவர்களைக் கை கழுவப் பார்க்கிறார்.

"ரெண்டே கட்டம் சார். மூணாவது கட்டம் வேணும்னா உங்க கையால வரைஞ்சு, உங்க பேர எழுதி, நீங்களே போய் வாசிங்க. எங்கன்னு கேப்பான்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "உறுதியாத்தான சொல்றீங்க?"

"அலையப் பத்தி உறுதியா. உங்க கோட்டுல சீட்டு தொங்குது சார், அதப் பத்தியும் உறுதியா. நாலு நாளா தொங்குது."

மற்ற ஐந்து பேரும் தங்கள் முன்னால் இருந்த காகிதங்களை மிகுந்த கவனத்தோடு படித்தார்கள்.

குடை கையெழுத்துப் போட்டாள். வேண்டாம் என்று குறி போட்ட அன்று ஒரே இழுப்பில் போட்டாள். இன்றைக்குக் கடைசி எழுத்து கோணிக்கொண்டு போனது. அதே காகிதத்தோடு கண்ணாடி அறைக்கு நடந்தாள்.

தம்பி தலைக்கவசத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபமாகத்தான் இருப்பான், இருக்கட்டும். அவள் காற்றை வாசித்தாள், மேகத்தை வாசித்தாள். அவன் திருப்பிச் சொன்னான்.

"அலை உயரம், வெளி மிதவை, ஒண்ணு புள்ளி ஒன்பது."

அவன் இப்போதுதான் பார்த்தான். "எங்க?" என்றான்.

அவள் இடத்தையும் சொல்லியாகிவிட்டது. அவனுக்கும் அது தெரியும்.

"கரையிலேர்ந்து நானூறு கிலோமீட்டர். நீ விழுந்தா விழற இடம்டா."

"வெளி மிதவை," என்றான் தம்பி. "ஒண்ணு புள்ளி ஒன்பது."