சுந்தர்சிங்குக்கு வந்த புது ஃபில்டர்

டிராக்டர் பழுதுபார்க்கும் ஷெட்டில் இருந்தவர்கள்: ஞானமணி, தரணி, கிளாட்வின், பாகங்களைக் கழுவும் மணியம்மா, முதலாளி நிதின். இல்லாதவன் சுந்தர்சிங். அவனைச் சித்தூர் மிஷன் கல்லறையில் புதைத்து நான்கு நாள் ஆகிறது.

விடியுமுன்பே ஞானமணி டிராக்டருக்கு அடியில் கிடந்தான். கடலை விதைப்புக் காலம். வெளியே ஏழெட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. ஆனால் நிதின் முதலில் பார்க்கச் சொன்னது இந்த வண்டியைத்தான். சுந்தர்சிங் குனிந்திருந்தபோது அவன் முதுகில் கலப்பையை இறக்கிய வண்டி.

போல்ட்டைத் திருப்பியதும் கறுத்த எண்ணெய் முழங்கை வழியே அக்குளுக்குள் ஓடியது. கலப்பையைத் தூக்கும் எண்ணெயை வடிகட்டும் ஃபில்டரை உருவி விளக்கில் பிடித்தான். காகித மடிப்பு ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அதன் வழியே போன மண் வால்வில் சிக்கியிருக்கிறது. தூக்கி நின்ற கலப்பை தானாக விழுந்திருக்கிறது.

அந்த ஃபில்டரை டீசலில் கழுவி, காற்றடித்து, திரும்ப மாட்டியவன் ஞானமணிதான். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் 'ஞா', பக்கத்தில் தேதி. மாற்றியவன் தன் எழுத்தைப் போடுவது அந்த ஷெட்டின் வழக்கம். மாற்றாதபோதும் போட்டார்கள்.

நிதின் ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினான்.

"புதுசு. இத்த மாட்டு. உன் எழுத்த அழிச்சிட்டு 'சு' போடு, சுந்தர்சிங்கே மாட்டினதா இருக்கட்டும். பத்து மணிக்கு லேபர் இன்ஸ்பெக்டர் வராரு."

"ஆறு மாசமா கேட்டோம் சார். ஸ்டாக் இல்லன்னீங்க."

"இப்ப வந்துச்சு."

"ஆள் செத்தாதான் வரும் போல," என்றாள் மணியம்மா.

"நீ கழுவுற வேலையப் பாரு. ஞானமணி, யோசிச்சுக்கினு கெடக்காத. செத்தவன ஜெயில்ல போட முடியாது. உன்னப் போடலாம்."

அது உண்மை. ஞானமணி பிரஷை எடுத்தான்.

அப்போது சுந்தர்சிங்கின் மனைவி தபிதா வந்து வாசலில் நின்றாள். "டிபன் பாக்ஸ் இங்கயே கீதுன்னாங்க."

மணியம்மா கழுவி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

"அன்னிக்கி துன்னாரா?"

"துன்னலம்மா. சோறு அப்டியே இருந்திச்சி."

ஞானமணி பிரஷைக் கீழே வைத்தான். வெளியே ஊர்ந்து வந்து நின்றான். "தங்கச்சி, இந்த வண்டிக்கு மாட்டினது நானு. பழசு. கழுவி மாட்டினேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எங்க வூட்டுக்காரு கழுவ மாட்டாரா?"

"எல்லாரும் கழுவுவோம்கா," என்றான் தரணி. "அண்ணனுந்தான்."

கிளாட்வின் வண்டி வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினான்: முதலாளி சொல்லிப் பழைய ஃபில்டர்களைக் கழுவி மாட்டினோம், புதுசு என்று தேதி போட்டோம். நான்கு பேரும் கையெழுத்திட்டார்கள். ஞானமணியின் விரலிலிருந்த எண்ணெய் தாளில் ஊறியது.

"இத்த எடுத்துக்கினு வெளிய போனா மறுபடி உள்ள வர முடியாது," என்றான் நிதின்.

"வெளிய இருக்கிற வண்டிய நீங்களே பாருங்க சார். ஸ்பேனர் எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு மணியம்மா சொல்லும்," என்றான் தரணி.

யாரும் சிரிக்கவில்லை.

தபிதா தாளை வாங்கிப் படித்தாள். "அவரு பேரையும் எழுது. தனியா இல்ல. உங்களோட."

கிளாட்வின் ஐந்தாவதாக எழுதினான்.

தொழிலாளர் அலுவலகம் திறக்க இன்னும் நேரமிருந்தது. நடந்தே போகலாம் என்றார்கள். கிழிந்த ஃபில்டரைத் துணியில் சுற்றி ஞானமணி அக்குளில் இடுக்கிக்கொண்டான். புதியது பெட்டியிலேயே கிடந்தது. தபிதா அவனோடு பேசவில்லை, ஆனால் அவர்களோடுதான் வந்தாள். டிபன் பாக்ஸுடன் கடைசியாக அவள் படியிறங்கியதும், நிதின் ஷட்டரை இழுத்துவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் பூட்டினான்.