எரிந்த வீட்டு மனையில் ஒரு தோட்டம்

ஒஸெல்லா அக்காவும் நானும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்றாக வேலை பார்த்தோம். வீடும் ஒரே தெருவில்தான். அலபாமாவில், பர்மிங்காம் நகரின் வடக்கு ஓரம். மூடிக்கிடக்கும் பழைய உருக்காலைக்குப் பக்கத்தில். எங்கள் பகுதியில் இருந்த ஒரே காய்கறிக் கடையும் மூடிய பிறகு, பெட்ரோல் பங்கில் விற்பதுதான் எங்கள் சாப்பாடு என்றாகிவிட்டது. சிப்ஸ், டப்பாவில் அடைத்த இறைச்சி, இனிப்புத் தண்ணீர். நல்ல காய் வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறி, வெள்ளைக்காரர்கள் வசிக்கும் மேட்டுப் பக்கம் போக வேண்டும்.

அக்காவுக்குச் சர்க்கரை. கால் விரல் ஒன்றை எடுத்த பிறகு, தினமும் பச்சைக் காயும் மீனும் சாப்பிடச் சொன்னாள் இளம் டாக்டர். எங்கே வாங்குவது என்று அக்கா கேட்டதற்கு, தான் வீட்டுக்குப் போகும் வழியில் உள்ள கடையின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அதைச் சமையலறையில் எங்களுக்கு நடித்துக் காட்டி, அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்ததோடு விடவில்லை. அவள் வீட்டுக்கு அடுத்த வீடு எரிந்துபோய், மனை வெறுமனே கிடந்தது. அதைக் கொத்தி, கொல்லார்டு கீரையும் தக்காளியும் போட்டாள். காரில் போகும் ஆண்கள் வேகத்தைக் குறைத்து, "பண்ணையாரம்மா, கூலிக்கு ஆள் வேணுமா?" என்பார்கள். "உன் வயித்தத் தூக்கிக்கிட்டு உன்னால குனிய முடியுமாடா?" என்பாள் இவள். தெருவே சிரிக்கும். கோடை முடிவதற்குள் பாதித் தெரு அவள் கீரையைத்தான் தின்றது. அவளுக்கும் சர்க்கரை இறங்கியது.

அப்போது அவள் மகள் ஷனெல் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். உடம்பில் ரத்தமில்லை என்று சொல்லியிருந்தார்கள். ஷனெலுக்குப் பிடித்ததோ கடையில் பொரித்த உருளைக்கிழங்கு. அக்கா கீரையை வேகவைத்து, அந்தச் சாற்றைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு எதிரே உட்காருவாள்.

"குடி கண்ணு. மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடி."

"ஆடு மாடாம்மா நானு?"

"ஆட்டுக்குட்டிய பாத்திருக்கியா, எப்படித் துள்ளுது? குடி."

இலையுதிர் காலத்தில், கையுறை மாட்டிய அரசாங்க ஆட்கள் வீடு வீடாக மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். அக்கா அவர்களில் ஒருவருக்கு ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தாள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டவர், போகும்போது அதை வாசல் படியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். மறந்துவிட்டார் பாவம் என்றாள் அக்கா.

பிறகு சர்ச் கூடத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். ஆலைக் கழிவைக் கொட்டித்தான் எங்கள் மனைகளை மேடாக்கியிருக்கிறார்களாம். மண்ணில் ஈயம் இருக்கிறது, அதில் விளைந்ததைத் தின்னக் கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அது அடங்கும் வரை காத்திருந்து அக்கா எழுந்தாள்.

"கீரைச் சாறு குடிச்சா, வயித்துல இருக்கிற பிள்ளைக்குப் போகுமாங்க?"

கூட்டத்தை நடத்திய அதிகாரி கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். உறுதியாகச் சொல்ல முடியாது, ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். ஷனெல் எழுந்து வெளியே போய்விட்டாள்.

மறுநாள் காலை அக்கா எல்லாச் செடியையும் வேரோடு பிடுங்கினாள். நானும் கூடப் பிடுங்கினேன்.

பெண் குழந்தை பிறந்தது. அதன் ரத்தத்தில் ஈயம் இருந்தது. அதிகமில்லை, ஆனால் இருந்தது. பழைய சுவர்ப் பூச்சா, குழாய்த் தண்ணீரா, வாசல் புழுதியா, கீரையா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அக்காவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அடுப்பு மூட்டுவதை நிறுத்திவிட்டாள். மேட்டுக் கடையிலிருந்து நான் வாங்கிவந்த கீரையைத் தொடவில்லை.

"எந்த மண்ணுல வெளைஞ்சதோ, லூவீனியா. எடுத்துட்டுப் போ."

டப்பா இறைச்சியையே தின்றாள். சர்க்கரை ஏறியது. காலில் வந்த புண் ஆறாமல் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஷனெல் குழந்தையோடு வந்தாள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"நீ குடுக்கலேன்னா நான் சிப்ஸத் தின்னுதான் இவளப் பெத்திருப்பேன். அது மட்டும் நல்லதாம்மா?" என்றாள்.

அக்கா குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மடியில் வைத்தபோதும் கையால் தொடவில்லை. அடுத்து வந்த குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள்.

மனையில் மண்ணை அள்ளிவிட்டுப் புல் போட்டிருக்கிறார்கள். கடை எதுவும் வரவில்லை. குழந்தைக்குப் பேச்சு தாமதமாகிறது. வாரா வாரம் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறாள் ஷனெல். ஒருநாள் கூடப் போயிருந்தேன். காத்திருக்கும்போது, "பெரியவளானதும் இவகிட்ட பாட்டியப் பத்தி என்னன்னு சொல்றது சித்தி?" என்று கேட்டாள்.

உள்ளேயிருந்து குழந்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள்.