ஏழாவது வரிசையின் வளைவு

1

இந்தக் கதையை ஒரு விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் தொடங்கினேன். இயந்திரக் கடையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பதில் சொல்லாமலிருக்க எழுதினேன்.

முதல் வரி: ‘முந்நூறு ஏக்கர் கனோலா அறுத்துக் கிடக்கிறது, வெள்ளிக்கிழமை பனி என்று வானொலியில்...’

(விட்டுவிட்டேன். வானிலையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

இரண்டாவது: ‘டானியா இறந்து பத்தொன்பது நாள்.’

அதற்குப் பிறகு வரி வரவில்லை.

2

அறுத்தது டானியா, என் மனைவி. கனடாவின் சஸ்காச்சுவானில் கனோலா என்ற எண்ணெய்க்கடுகை அறுத்து வரிசையாகக் கிடத்திக் காயவிடுவோம். அறுத்து முடித்த மூன்றாம் நாள் சமையலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் உடைந்துவிட்டது. வரிசைகள் அப்படியே கிடந்தன. பனி அழுத்தினால் நெற்று வெடித்து விதை மண்ணுக்குப் போய்விடும்.

கேள்வி இதுதான்: அறுவடை இயந்திரமான கம்பைனின் முன்னால் எந்தப் பிக்கப்பை மாட்டுவது? வரிசையைத் தரையிலிருந்து பொறுக்கி உள்ளே தள்ளும் பெல்ட் அது. எங்களுடையது பன்னிரண்டடி, வரிசை வளைந்தால் ஓட்டுபவனும் வளைய வேண்டும். கடையில் இருந்தது பதினாறடி, நேராக ஓட்டினாலே வளைவையும் வாரிவிடும்.

“இன்னிக்கு செவ்வாய், மாப்ள,” என்றார் டானியாவின் அப்பா ஓரெஸ்ட். “பழசை வெச்சு உருட்டினா சனிக்கிழமை ஆயிடும்.”

“இதுல பெல்ட்டு வேகம் வண்டி வேகத்தோட தானா சேந்துக்கும், தம்பி,” என்றார் கடைக்காரர் பெவ். “ஒரு கையில காப்பி குடிச்சிட்டே ஓட்டலாம்.”

“எம்பொண்ணு போட்ட வரிசைக்கு இதுதான் சரி. அவ போட்ட கோட்டுல பாம்பு போனாக்கூட தலை சுத்திடும்.”

பெவ் சிரித்து, சட்டென்று நிறுத்தினார். மாமா நிறுத்தவில்லை. அவருக்கு அந்தச் சிரிப்பு தேவைப்

(அடித்துவிட்டேன். அவருக்கு என்ன தேவை என்று எனக்குத் தெரியாது.)

“பழசே போதும் மாமா.”

“ஏன்?”

நான் பட்டியலைத் திருப்பினேன்.

“அவ கடைசியா செஞ்ச வேலை, மாப்ள. பனியில போகணுமா?”

பதினாறடியை வாங்கினேன்.

3

புதனும் வியாழனும் ஓட்டினேன். மணிக்கு ஐந்து மைல். அவளுடைய கோணல் எதுவும் கைக்குத் தெரியவில்லை. எல்லாம் கம்பைனின் வாய்க்குள் போயிற்று.*

ஏழாவது வரிசையை மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். நடுவயலில் அது நாலடி விலகி, பிறகு திரும்புகிறது.

முடிவு அ: அங்கே ஒரு கல். இயந்திரத்தைக் காக்க விலகியிருக்கிறாள்.

(பொய். இறங்கிப் பார்த்தேன். தாள்கட்டை மட்டும்தான்.)

முடிவு ஆ: அப்போது நான் அவளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

(அவள் தொலைபேசியிலும் பார்த்தேன். அன்று நான் அழைக்கவில்லை.)

* இந்த வாக்கியத்தை நாலு முறை மாற்றினேன். வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

4

வியாழன் மாலை, வளைவுக்கு முன்னால் நிறுத்தினேன். தானிய லாரியிலிருந்து மாமா ரேடியோவில் வந்தார்.

“என்ன நின்னுட்ட?”

“வரிசை வளையுது மாமா.”

“பதினாறடிக்கு அதெல்லாம் ஒரு வளைவா? நேரா விடு.”

பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

“எவ்ளோ வளையுது?”

“நாலடி.”

ரேடியோ கொஞ்ச நேரம் இரைந்தது.

“எந்தப் பக்கம்?” என்றார்.

“இடது.”



நேராகப் போனாலும் ஒரு நெற்று மிஞ்சாது. கணக்கு போட்டுவிட்டேன். என் கை ஸ்டீயரிங் சக்கரத்தில் இருக்கிறது; இதற்கு மேல் எழுதப்போவதில்லை. நீங்கள் ஓட்டுங்கள். ஓட்டும்போது அவள் ஏன் விலகினாள் என்று தெரிந்தால், எனக்குச் சொல்லுங்கள்.