எடை குறைந்த வாள் ஏன் கனக்கிறது

1
ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ நகரில் நான் காவல் காக்கும் கிடங்கில் இரண்டு பழைய வாள்கள் கிடக்கின்றன. ரேப்பியர் என்ற வகை: நீளம், ஒல்லி, குத்துவதற்கானது. தொடக் கூடாது, தொட்டேன். தராசில் எடை குறைந்த வாள்தான் கையில் கனத்தது. இந்தக் கதைக்கு வேறு மூலம் இல்லை.

2
முதல் தொடக்கம்: 'நானூறு ஆண்டுகளுக்கு முன், தாஹோ ஆற்றின் மேல் பனி படர்ந்த...' வேண்டாம். பனியால் யாரும் சாகப்போவதில்லை.

இரண்டாவது: லெயோகாதியா வாள்களுக்குப் பிடி பூட்டுகிறவள். கணவன் செத்த பிறகு கடை அவளுடையது. நாளைக் காலை அவள் தம்பி மெல்ச்சோரும், தொன் இன்யிகோ என்ற கனவானும் ஆற்றங்கரையில் வாள்சண்டை போடப்போகிறார்கள். (காரணம்: பெண்? எழுதிக் கோடு போட்டு அடித்துவிட்டேன். சூதாட்டம்? அதையும். ஒடுக்கமான சந்தில் சுவர்ப்பக்கத்தை யார் யாருக்கு விடுவது என்று தகராறு. இந்த ஊரில் அது போதும்.)

இன்யிகோ தன் வாளோடு அவள் கடைக்கே வருகிறான். நம்ப முடிகிறதா? எனக்கும் முடியவில்லை. ஆனால் ஊரில் அவளைவிடத் தேர்ந்த கை கிடையாது; அவனுக்கோ கர்வம்.

3
"கையில ரொம்பக் கனக்குதும்மா. லேசாக்கிக் குடுங்க."

"லேசாக்கணும்னா எடையக் கூட்டணுங்க."

"என்ன, கிண்டலா?"

[கிண்டல் இல்லை. பிடியின் அடியில் ஓர் இரும்புக் குமிழ் உண்டு. அது பெரிதானால் வாளின் சமநிலை கையை நோக்கி நகரும். முனை இருப்பதே தெரியாது.]

பழைய குமிழைக் கழற்றிவிட்டுப் பெரியதைத் தற்காலிகமாகச் செருகிக் கொடுத்தாள். அவன் காற்றைக் குத்திப் பார்த்தான்.

"இதான்! இத வெச்சு ஈயக்கூடக் குத்துவேன்."

"ஈ திருப்பித் தட்டாதுங்க. இன்னொரு வாளு வந்து மோதினா உங்க முனை ஒதுங்கிப் போயிடும். பழைய சின்னக் குமிழே இருக்கட்டும். கனக்கும், ஆனா நிக்கும்."

அவன் சிரித்தான். "தம்பி மேல பாசம் பொத்துக்கிட்டு வருதோ? என் கையச் சோர வெக்கப் பாக்குறீங்க. பெருசையே பூட்டுங்க. காலைல ஆளனுப்புறேன்."

[இதை நான் திட்டமிடவில்லை. அவள் சொன்னது உண்மை. அக்கா சொன்னதால் அது பொய்யாகிவிட்டது.]

4
அவன் போனதும் உள்ளறையிலிருந்து மெல்ச்சோர் வந்தான்.

"அவனே கேட்டதுதானக்கா. பூட்டிக் குடுத்துட்டுக் கடையச் சாத்து."

"அதுல என் முத்திரை இருக்கும்டா."

"என் வயித்துல அவன் வாளு இருந்தா பரவால்லயா?"

அவள் பதிலாக மூன்று வாக்கியங்கள் எழுதினேன். 'லெயோகாதியா மெல்லத் தலை...' விட்டுவிட்டேன். மூன்றுமே அவளை நல்லவளாக்கின.

5
முடிவு அ: பெரியதைப் பூட்டுகிறாள். கேட்டதைத்தான் கொடுத்தாள், யாரும் குறை சொல்ல முடியாது. இன்யிகோ சாகிறான்.

முடிவு ஆ: சின்னதையே பூட்டி, வந்த ஆளிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தனுப்புகிறாள். ஆற்றங்கரையில் வாளை உருவும்போதுதான் இன்யிகோவுக்குத் தெரிகிறது. திட்டுகிறான். ஆனால் அவன் முனை ஒதுங்கவில்லை. மெல்ச்சோர்...

(கிடங்கில் இருக்கும் இரண்டு வாள்களிலும் அவள் முத்திரை இல்லை. தேடிவிட்டேன்.)

பிடிக்குள் போகும் வாளின் அடிமுனையைக் குமிழின் துளை வழியே வெளியே இழுத்து, சுத்தியலால் அடித்து நசுக்கிவிட்டால் விடிவதற்குள் மாற்ற முடியாது. இரண்டு குமிழும் மேசையில் இருக்கின்றன. அவள் எதையும் எடுக்க மறுக்கிறாள். சுத்தியல் உங்கள் பக்கம். எனக்கு வேலைக்கு நேரமாகிறது.